அம்மாவின் ஆட்டைத் திவச நினைவு மலர்: வாழ்க்கை வரலாற்றை எப்படி எழுதுவது?

செம்மண்மகள் எழுதியது:

உறவுகளுக்கு வணக்கம்.

எங்கள் அம்மா சென்ற ஆவணியில், தமது எண்பத்தாறாவது வயதில், யாழ்ப்பாணத்தில் தங்கையின் வீட்டில் காலமானார். கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்த முப்பத்தோராம் நாளில், அவருடைய படமும் தேவாரங்களும் கொண்ட சிறிய ஏடொன்றை அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுத்தோம். கனடா, பிரான்ஸ், யாழ்ப்பாணம் என்று பிரிந்து வாழும் பிள்ளைகள் ஐவரும் பேசி, ஆட்டைத் திவசத்துக்கு, அதாவது முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு, அவருடைய வாழ்க்கை வரலாற்றுடன் முழுமையான நினைவு மலர் ஒன்றை வெளியிடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். மூத்தவள் என்பதால் எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது.

எங்கள் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் இருந்த பழைய நினைவு மலர்களை எடுத்துப் படித்தேன். பெண்களுக்காக வெளியிடப்பட்டவற்றில் வாழ்க்கை வரலாறு ஒரு பக்கத்தைத் தாண்டுவது அரிது. இன்ன ஊரில் இன்னாருக்கு மகளாகப் பிறந்தார், இன்னாரைக் கைப்பிடித்தார், இத்தனை மக்களைப் பெற்றார், விருந்தோம்பலிலும் இறைபக்தியிலும் சிறந்து விளங்கினார், சிவபதம் அடைந்தார் என்று முடிந்துவிடுகிறது. பெயரை மாற்றிவிட்டால் அதே பக்கத்தை எங்கள் ஊரில் எந்தத் தாய்க்கும் அச்சிடலாம். அதிலுள்ள ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தில் எங்கள் அம்மா இல்லை.

அவர் வலிகாமம் வடக்கில் பிறந்தவர். எட்டாம் வகுப்புடன் படிப்பு நிறுத்தப்பட்டது. அப்பா 1984இல் நோயுற்று இறந்தபோது எங்களில் இருவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தனர். வெங்காயத் தோட்டத்தாலும் ஒரு தையல் இயந்திரத்தாலும் அவர் எங்களை ஆளாக்கினார். போரினால் 1990இல் ஊரை விட்டு வெளியேறி, 1995இல் மீண்டும் வெளியேறி, வயது எண்பதை எட்டிய காலத்தில்தான் தமது சொந்தக் காணியில் மறுபடி கால் வைத்தார். இவற்றில் எதை எழுதுவது, எதை விடுவது, எந்த அளவுக்கு எழுதுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

ஓய்வாசிரியர் எழுதியது:

செம்மண்மகள் அவர்களுக்கு, தங்கள் தாயாரின் பிரிவுக்கு என் அனுதாபங்கள்.

பல ஆண்டுகளாக அயலவர்கள் கேட்கும்போது நினைவு மலர்களுக்குத் திதி வெண்பாவும் விருத்தங்களும் எழுதிக் கொடுத்து வருபவன் என்ற முறையில் சில கருத்துகளைச் சொல்கிறேன். இறந்த ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி ஆகியவற்றைத் திதி வெண்பா காட்டுகிறது. அடுத்துவரும் திவசங்களைக் கணிக்க அது போதும். மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்பவற்றை என் போன்ற ஒருவர் எழுதித் தரலாம். அவற்றில் மரபுச் சொற்கள் வருவது குறையாகாது. வாழ்க்கை வரலாற்றை மாத்திரம் வெளியாரிடம் ஒப்படைக்கக் கூடாது. என்னிடம் ஒரு துண்டுக் காகிதத்தில் பிறந்த திகதியையும் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதித் தந்து, மிகுதியை நீங்களே பார்த்து எழுதுங்கள் என்பார்கள். நான் கண்டிராத பெண்ணைப் பற்றி விருந்தோம்பலையும் பக்தியையும் விட வேறு எதை எழுத முடியும்?

1981 ஜூன் முதலாம் திகதி விடியும்போது யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகியிருந்தன. அந்த இழப்பை எல்லோரும் பேசுகிறோம். அதன் பின்னர் வந்த இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளில் இருந்த கடிதங்களும், சாதகக் குறிப்புகளும், கணக்குக் கொப்பிகளும் எவ்வளவு அழிந்தன என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை. பதவி வகித்த ஆண்களைப் பற்றிப் பத்திரிகையிலோ பாடசாலை மலரிலோ ஏதாவது ஒரு குறிப்புக் கிடைக்கும். தோட்டம் செய்து, தைத்து, பிள்ளை வளர்த்த பெண்ணைப் பற்றி இருக்கக்கூடிய ஒரே அச்சுப் பதிவு அவருடைய நினைவு மலர்தான். ஆகவே பக்கக் கணக்கைப் பார்க்காமல் எழுதுங்கள்.

எழுதத் தொடங்குவதற்கு முன் காணி உறுதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்களில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் உறுதியில் ஒரு பெயர் இருக்கிறது; பரப்புக் கணக்கும், நான்கு எல்லைக்காரர்களின் பெயர்களும் இருக்கின்றன. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி சீதனக் காணி தாயிடமிருந்து மகளுக்கு வருவதால், அந்த உறுதிகளைப் பின்னோக்கிப் படித்தால் அம்மாவின் தாய், அவருடைய தாய் என்று மூன்று நான்கு தலைமுறைப் பெண்களின் பெயர்கள் கிடைக்கும். வம்சாவளியில் தந்தை வழியை மட்டும் வரையும் வழக்கத்தை இந்த மலரிலாவது மாற்றலாம்.

கொடிகாமம் எழுதியது:

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் அப்பம்மாவின் நினைவு வந்தது. உங்கள் அம்மா 1995இல் தென்மராட்சிக்கு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்த ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு போருக்கு அஞ்சி வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து வந்த இலட்சக்கணக்கானவர்களை ஏற்றுக்கொண்ட பக்கத்தில் நாங்கள் இருந்தோம்.

அப்பம்மாவுக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். எங்கள் வளவில் இரண்டு அறைகளும் ஒரு விறாந்தையும் கொண்ட வீடு இருந்தது. விடியற்காலையில் மழையில் நனைந்தபடி படலைக்கு வெளியே நின்றவர்களிடம் ஊரோ பெயரோ கேட்காமல் அவர் உள்ளே அழைத்தார். அன்று மத்தியானத்துக்குள் வீட்டிலும் மாட்டுக் கொட்டிலிலும் தென்னைகளுக்கிடையே கட்டிய தறப்பாளின் கீழுமாகப் பல குடும்பங்கள் சேர்ந்துவிட்டன. அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று தெரியாத நிலையில் அவர் கையாண்ட வழி ஒடியற்கூழ். மீனுக்கும் இறாலுக்கும் வழியில்லை. ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்துக் கசப்பைப் போக்கி, பயற்றங்காயையும் முருங்கையிலையையும், கோடையில் மணலுக்குள் புதைத்து வைத்திருந்த பலாக்கொட்டையையும் போட்டு, செத்தல் மிளகாயும் புளியும் கரைத்துப் பெரிய கிடாரத்தில் காய்ச்சினார். எல்லோரும் பலாவிலையைக் கோலிக் குடித்தார்கள். குழந்தைகளுக்கு உறைப்பாக இருக்கும் என்று மிளகாய் போடுவதற்கு முன்பே தனியாக ஒரு சட்டியில் எடுத்து வைத்தார்.

அந்தத் தனிச் சட்டியைப் பற்றி எங்களுக்குத் தெரியாது. அப்பம்மா இறந்து வெகுகாலத்துக்குப் பிறகு, அன்று எங்கள் வளவில் தங்கியிருந்த குடும்பமொன்றின் மகள் சொல்லித்தான் அறிந்தோம். ஆகவே பிள்ளைகளின் நினைவோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். இடம்பெயர்ந்த வீடுகளில் கூட இருந்தவர்கள், தோட்டத்தில் உடன் வேலை செய்தவர்கள், உங்கள் அம்மாவிடம் சட்டை தைப்பித்தவர்கள் ஆகியோரைத் தேடிக் கேளுங்கள். தாயைப் பற்றிப் பிள்ளைகள் அறியாதவற்றை அயலட்டை அறிந்திருக்கும்.

கடலோரம் எழுதியது:

மேலே எழுதியவர்களை மதிக்கிறேன். ஆயினும் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. நினைவு மலர் என்பது ஆத்ம சாந்திக்காக வெளியிடப்படுவது. சுவாமி அறையில் தேவாரப் புத்தகங்களோடு வைத்துப் பேணப்படுவது. அதில் இடப்பெயர்வையும் பட்டினியையும் குடும்பத்து மனக்கசப்புகளையும் விரித்து எழுதினால், அந்தத் தாய் வாழ்நாள் முழுவதும் யாரிடமும் சொல்லாமல் அடக்கி வைத்ததை நாம் ஊரறியச் செய்தவர்களாவோம். எங்கள் அம்மா தம் கஷ்டத்தை ஒருவரிடமும் சொன்னதில்லை. அதை எழுதும் உரிமை எனக்கு உண்டா என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்து, எழுத வேண்டாம் என்றே முடிவு செய்தேன். மரபான அந்த ஒரு பக்கத்துக்கும் ஒரு கண்ணியம் இருக்கிறது.

செம்மண்மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடலோரம் சொன்னது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. உயிரோடு இருப்பவர்களின் மனம் நோகும் விடயங்களை எழுதப் போவதில்லை. அம்மாவும் அதை விரும்பமாட்டார். ஆனால் எங்கள் அம்மா தம் கஷ்டத்தை மறைத்து வைத்தவர் அல்லர். அவர் சொல்லுவார், திரும்பத் திரும்பச் சொல்லுவார், கோபத்தோடும் சொல்லுவார். எட்டாம் வகுப்பில் முதலாவதாக வந்த தம்மைத் தொடர்ந்து படிக்க விடுமாறு ஆசிரியை ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டதையும், பெரியவர்கள் மறுத்ததையும் எண்பது வயதிலும் ஆறாத கோபத்தோடு சொன்னார். அந்தக் கோபத்தினால்தான் பெண்பிள்ளைகள் நாங்கள் மூவரும் படித்தோம். அதை விட்டுவிட்டு ‘பொறுமையின் சிகரம்’ என்று எழுதினால், எங்களைப் படிப்பித்த அந்தப் பெண்ணை நாங்களே அழித்துவிடுவோம்.

தையல் இயந்திரத்தைப் பற்றி விரிவாகவே எழுத விரும்புகிறேன். அது 1961இல் தவணை முறையில் வாங்கிய சிங்கர் இயந்திரம். வெங்காயம் விற்ற காசில் அம்மாவே தவணை கட்டினார். பாடசாலைக்கான வெள்ளைச் சட்டைகளைத் தைப்பதுதான் அவருடைய முக்கிய வேலை. வளரும் பிள்ளைகள் என்பதால் கீழ்க்கரையை அகலமாக மடித்துத் தைப்பார். அடுத்த ஆண்டு அதே சட்டையைக் கொண்டுவந்தால் காசு வாங்காமல் மடிப்பை அவிழ்த்து நீளமாக்கிக் கொடுப்பார். எங்கள் ஊரில் ஒரு சட்டை இரண்டு மூன்று ஆண்டுகள் பாடசாலைக்குப் போனதற்கு அந்த மடிப்பே காரணம்.

போரின்போது யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இயந்திரத்துக்கு எண்ணெய் கிடைக்கவில்லை. தேங்காயெண்ணெய் விட்டால் சில நாட்களில் பசைபோல இறுகிவிடும். அப்போது ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்து, அரிய பொருளாகிவிட்ட மண்ணெண்ணெயைப் பழந்துணியில் தொட்டுத் தொட்டுத் துடைத்து மறுபடியும் பூட்டுவார். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு எரிக்கும் அந்த விளக்கை எங்கள் தலைமுறையில் எல்லோரும் அறிவோம். அதன் வெளிச்சத்தில் நாங்கள் படிக்க, வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் அவர் தைத்தார். பிற்காலத்தில் கண் மங்கியபோது கண் மருத்துவரிடம் சொன்ன முதற்காரணமும் அதுதான்.

1995 ஒக்ரோபர் 30 இரவு எல்லோரும் கிளம்பியபோது நாங்கள் மானிப்பாயில் வாடகைக்கு இருந்தோம். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் வைத்த பையைத் தங்கையின் தோளில் மாட்டிவிட்டு, அம்மா திருகாணிச்சாவியை எடுத்து இயந்திரத்தின் தலையை மேசையிலிருந்து கழற்றத் தொடங்கினார். தம்பி பதறினான். “மேசை மரம், எங்கையும் செய்யலாம். தலையை விட்டிட்டுப் போனால் போற இடத்திலை உங்களுக்கு என்னத்தைக் குடுக்கிறது?” என்று கேட்டுக்கொண்டே கழற்றி முடித்தார். இரும்பாலான அந்தத் தலையைச் சீலையில் சுற்றி, சைக்கிளின் பின் கரியரில் வைத்துக் கட்டினோம். நாவற்குழிப் பாலம்வரை அடிமேல் அடி வைத்துச் சனம் நகர, விடியும்வரை தம்பி அதை உருட்டினான். அம்மா ஒரு கையால் அதைப் பிடித்தபடியே நடந்தார். மீசாலையில் ஒரு பாடசாலை வகுப்பறையில் தங்கிய காலத்தில், மாணவர் மேசையொன்றில் அந்தத் தலையைப் பொருத்திக் கைப்பிடியால் சுழற்றித் தைத்தார். 1996இல் வலிகாமத்துக்குத் திரும்பியபோதும் அது எங்களோடு வந்தது.

கொடிகாமம் அவர்களே, உங்கள் யோசனைப்படி, அந்த வகுப்பறையில் எங்களோடு இருந்த குடும்பத்தில் ஒருவரை நேற்றுத் தொலைபேசியில் பிடித்துவிட்டேன். தம் மகளின் சாமத்தியச் (பூப்புனித) சடங்கு அந்த வகுப்பறையில்தான் நடந்ததென்றும், அன்று அம்மா தம் திருமணக் கூறைச் சேலையின் தலைப்பை வெட்டி அந்தப் பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொடுத்ததாகவும் அவர் சொன்னார். கூறைச் சேலை இடப்பெயர்வில் தொலைந்துபோனது என்றே அம்மா எங்களிடம் சொல்லியிருந்தார்.

பனிநாட்டுப் பேரன் எழுதியது:

வணக்கம். செம்மண்மகள் என்னுடைய பெரியம்மா. அவர்தான் இந்த இழையைப் படிக்கச் சொன்னார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழில் எழுதுகிறேன். என் அம்மா திருத்தித் தந்திருக்கிறார்.

அம்மம்மா கனடாவில் எங்களோடு சில காலம் இருந்தார். குளிர்காலத்தில் வெளியே போக முடியாததால் எங்கள் மாடிக் குடியிருப்பில் இருந்தவர்களின் காற்சட்டைகளுக்குக் கீழ்க்கரை மடித்துத் தைத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டில் எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஒரு பாட்டி இருந்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. ஆனாலும் பிற்பகலில் ஒன்றாக இருந்து தைப்பார்கள். ஒருவர் துணியைப் பிடிக்க மற்றவர் ஊசியில் நூலைக் கோப்பார்.

ஊருக்குத் திரும்பிய பின்னர் அவர் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் அனுப்புவார். எழுதுவதற்கு எழுத்துகள் சிறியனவாக இருக்கின்றன என்று பேசியே அனுப்புவார். எல்லாம், “என்ன ராசா, சாப்பிட்டியே?” என்றுதான் தொடங்கும். பிறகு அன்று கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நின்றது, யார் வீட்டுக்கு வந்தார்கள், எந்த மாட்டுக்கு வருத்தம் என்பதையெல்லாம் சொல்லுவார். நான் அவற்றை அழிக்கவில்லை. பழைய கைபேசியிலிருந்தும் எடுத்து ஒரே இடத்தில் சேமித்திருக்கிறேன். நூலில் அவர் பேசியபடியே சில பகுதிகளை எழுதினால், நாங்கள் வாசிக்கும்போது அவருடைய குரலில் கேட்கும். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மொழிபெயர்க்க நானும் பிரான்சில் உள்ள மைத்துனியும் தயாராக இருக்கிறோம்.

மட்டுநகர் எழுதியது:

பதிவுகளைப் படித்துக்கொண்டே வருகிறேன். ஆண்டுகளைச் சரிபார்ப்பது குறித்து ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அம்மம்மாவுக்கு ஆண்டு எண்கள் நினைவில் இல்லை. “சூறாவளிக்கு முந்தி”, “சூறாவளிக்குப் பிந்தி” என்றுதான் சொல்லுவார்; 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி அது. பின்னாளில் 2004 டிசம்பர் 26 கடற்கோள் இன்னோர் எல்லைக்கல் ஆனது. யாழ்ப்பாணத்தவர்களானால் 1964 டிசம்பர்ப் புயல், 1974 சனவரித் தமிழாராய்ச்சி மாநாடு ஆகியவற்றை வைத்துக் கேட்கலாம். புயலடித்தபோது எந்தப் பிள்ளை கையில் இருந்தது என்று கேட்டால், வயதான உறவினர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் குடி (குலப்பிரிவு) என்பது தாய்வழியாகவே வருவது. அதனால் ஆசிரியர் ஐயா சொன்ன பெண்வழி வம்சாவளியை எழுதுவது எங்களுக்கு இயல்பாகவே அமைந்தது. அம்மம்மாவின் மலரில் அவருக்கு முந்திய ஐந்து தாய்மாரின் பெயர்களை வரிசையாகப் போட்டோம். வாசித்த பெண்கள் பலரும் நிறுத்தி நின்ற பக்கம் அதுதான்.

ஓய்வாசிரியர் எழுதியது:

பேரனின் யோசனை மிகவும் பெறுமதியானது. குரல் பதிவுகளை எழுத்தாக்கும்போது ‘திருத்த’ வேண்டாம். வரலாற்றைச் செந்தமிழில் எழுதுங்கள். தாயார் பேசும் இடங்களை யாழ்ப்பாணப் பேச்சில் அப்படியே விடுங்கள். சொல்லப்பட்ட மாதத்தையும் ஆண்டையும் ஒவ்வொரு பகுதியின் கீழும் குறியுங்கள்.

கடலோரம் அவர்களின் கவலைக்கும் இடமுண்டு. கூறைச் சேலைச் செய்தியைத் தாயார் பிள்ளைகளிடம் மறைத்திருக்கிறார். அதை வெளியிடுவதற்கு முன் சட்டை பெற்றுக்கொண்ட அந்தப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்பது முறை. அவர் விரும்பாவிட்டால் குடும்பத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சிட்டதும் ஒரு பிரதியை நூலக நிறுவனத்துக்கு அனுப்பத் தவறாதீர்கள். 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களும் மின்வருடப்பட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. கையில் உள்ள பிரதிகள் தொலைந்தாலும் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அங்கே தேடி எடுக்கலாம்.

கடலோரம் எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் கருத்தை ஏற்கிறேன். அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். எங்கள் அம்மாவைப் பற்றி நான் எடுத்த முடிவில் மாற்றமில்லை. ஆனால் அவரோடு வேலை செய்த இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை வீட்டுக்குள் வைத்திருப்பதற்காகவேனும் எழுதி வைக்கப் போகிறேன்.

செம்மண்மகள் எழுதியது:

இன்று காலை அந்தப் பெண்ணிடம் பேசினேன். கட்டாயம் எழுதுங்கள் என்றார். தம் பெயரையும் போடச் சொன்னார். சட்டையின் ஒரு துண்டு இன்னும் தம்மிடம் இருப்பதாகவும் படம் எடுத்து அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறார்.

உறுதியையும் எடுத்துப் படித்தோம். அம்மாவின் தாய், அவருடைய தாய், அதற்கு முந்தியவர் என்று மூன்று பெயர்கள் கிடைத்திருக்கின்றன. மூன்றாவது பெயரை எங்களில் ஒருவரும் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மா அறிந்திருப்பார் என்றே நினைக்கிறேன். 2018இல் எங்கள் பகுதி இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டு நாங்கள் போய்ப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடும் கிணற்றுக் கட்டும் மட்டுமே இருந்தன. எல்லையைக் காட்ட வேலியும் இல்லை, கல்லும் இல்லை. அம்மா தடியை ஊன்றி நின்று, வடக்கே இன்னார், கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னார் என்று உறுதியிலுள்ள எல்லைகளை வாய்ப்பாடமாகச் சொல்ல, நில அளவையாளர் உறுதியை வைத்துச் சரிபார்த்தார். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. இதையும் வரலாற்றில் சேர்க்கிறேன்.

தமிழ்ப் பகுதியை முடித்த பின்னரே மொழிபெயர்ப்பைத் தொடங்குவதென்று பிள்ளைகளோடு பேசி முடிவு செய்திருக்கிறோம். ஆசிரியர் ஐயா இசைந்தால் முதற்பகுதியை மெய்ப்புப் பார்க்க அனுப்பி வைக்கிறேன். திதி வெண்பாவையும் தாங்களே எழுதித் தர வேண்டும்.

ஓய்வாசிரியர் எழுதியது:

அனுப்புங்கள், மகிழ்ச்சியோடு பார்க்கிறேன். வெண்பாவுக்குத் தாயார் இறந்த நாளின் திதியும் பக்கமும் வேண்டும். ஐயரிடம் கேட்டுச் சரியாக எழுதி அனுப்புங்கள். தாயாரின் இயற்பெயரையும் வீட்டில் அழைத்த பெயரையும் சேர்த்து அனுப்பினால், இரண்டையும் பாட்டில் அமைக்க முடிகிறதா என்று பார்க்கிறேன்.